ஹெரால்டு காருக்கு கிராங்க் தேடும் முன்

உங்கள் தாத்தா வாங்கிய 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போய்விட்டது, வேறு கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும் என்கிறார். எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். ஆனால் தேடக் கிளம்பும் முன், கழற்றி வைத்திருக்கும் உங்கள் கிராங்கின் அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஹெரால்டு கிராங்க் இருக்கா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குக் கடையில் ஏதோ ஒரு கிராங்க் கிடைக்கும். அளவைச் சொல்லிக் கேட்பவருக்குத்தான் எஞ்சினில் உட்காரும் கிராங்க் கிடைக்கும். அது மட்டுமல்ல, அளந்து பார்த்த பிறகு வேறு கிராங்கே தேவையில்லை என்று தெரியவரவும் நல்ல வாய்ப்பு உண்டு.

"கிராங்க் போய்விட்டது" என்ற பேச்சுக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி, தேய்ந்திருக்கலாம். பேரிங் உருகி ஒட்டிக் கோடு கோடாகக் கீறியிருக்கலாம். வருடக்கணக்கில் ஓடாமல் நின்றதால் ஈரம் ஏறி, வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குக் கீழே துருக்குழி விழுந்திருக்கலாம். இவை மூன்றும் பெரும்பாலும் கிரைண்டிங்கில், அதாவது கல்லால் ஜர்னலை மெல்லியதாகச் செதுக்குவதில், சரியாகும். வளைந்திருந்தால் அளவைப் பொறுத்து நிமிர்த்தலாம். விரிசல் விட்டிருந்தால் மட்டும் பேச்சே இல்லை, அந்தக் கிராங்கை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். உங்கள் மெக்கானிக் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

இனி அளவு. இந்தியாவில் ஓடிய ஹெரால்டில் இருப்பது 948 சிசி எஞ்சின். போர் (சிலிண்டரின் விட்டம்) 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 76 மில்லிமீட்டர். கிராங்கில், அதைத் தாங்கும் பேரிங்குகளில் சுழலும் மெயின் ஜர்னல் மூன்று, பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு உட்காரும் கிராங்க் பின் நான்கு. கம்பெனியிலிருந்து வந்தபோது மெயின் ஜர்னலின் விட்டம் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். கிராங்க் பின் 1.625 அங்குலம், சுமார் 41.28 மில்லிமீட்டர். இதை வெர்னியரால் அளந்து பயனில்லை, மைக்ரோமீட்டர் வேண்டும். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். இரண்டு திசைக்கும் இடையே 2 தவ் வித்தியாசம் வந்தால், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, ஜர்னல் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது, கிரைண்டிங்குக்குக் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு முனைக்கும் இடையே வித்தியாசம் வந்தால் ஒருபக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கிறது. கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிரைண்டிங் 10, 20, 30 தவ் என்று படிப்படியாகப் போகும், செதுக்கிய அளவுக்கேற்ற பேரிங்கைத்தான் போட வேண்டும். உங்கள் மெயின் ஜர்னல் 1.990 அங்குலத்தைச் சுற்றி இருந்தால் ஏற்கெனவே 10 தவ் அடித்த கிராங்க். 1.970 என்றால் 30 தவ் முடிந்துவிட்டது, அதற்கும் கீழே போகப் பேரிங் கிடைக்குமா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய பேரிங் ஷெல்லை (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு) தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் முதுகைத் துடைத்துப் பார்த்தால் எந்த அளவு என்று பொறித்திருக்கும். அதை வைத்தே இந்த எஞ்சினின் பாதி வரலாறு தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். புதுப் பேரிங் செட் கையில் வரும் முன் எந்தக் கிராங்கையும் கிரைண்டிங் பட்டறையில் விடாதீர்கள். 20 தவ் அடித்து முடித்த பிறகு சந்தையில் 30 தவ் பேரிங் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தால், இன்னொரு 10 தவ் உலோகத்தை வீணாகச் செதுக்க வேண்டும். அம்பாசடருக்கு இந்தக் கவலை குறைவு. அந்த வண்டியின் உற்பத்தி 2014 வரை நடந்தது, எண்ணிக்கையும் அதிகம். ஹெரால்டு அப்படி இல்லை. வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1980களின் கடைசியிலேயே ஓய்ந்துவிட்டது. ஹெரால்டும் அதன் தம்பி கெசலும் எழுபதுகளோடு நின்றுபோனவை. ஆகவே முதலில் பேரிங், பிறகுதான் கிரைண்டிங் கல்.

விரிசல் சோதனைக்கு வருவோம். உங்கள் கிராங்கானாலும் சரி, வாங்கப்போகும் கிராங்கானாலும் சரி, இதைத் தவிர்க்கக் கூடாது. ஜர்னலும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் சின்ன வளைவு ஒன்று இருக்கும். பட்டறையில் அதை ஃபில்லட் என்பார்கள். கிராங்க் உடைவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அவசரத்தில் கிரைண்டிங் செய்பவர்கள் அந்த வளைவைச் சதுர மூலையாக்கிவிடுவார்கள். அளவு சரியாக இருக்கும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும், ஆனால் ஓட ஓட அந்த மூலையில் விரிசல் பிறக்கும். 30 தவ் அடித்தாலும் ஃபில்லட் ஒழுங்காக உள்ள கிராங்கை நான் நம்புவேன். 10 தவ் மட்டுமே அடித்து மூலை கூராக இருக்கும் கிராங்கை நம்ப மாட்டேன்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை, கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் பக்கச் சுவரில் லேசாகத் தட்டுவது. நல்ல கிராங்க் கோயில் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கிவிடும். அடுத்தது கெரசின் சோதனை. கெரசினில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்த கெரசின் வெளியே கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். இரண்டும் வடிகட்டுவதற்கு மட்டும்தான். கடைசித் தீர்ப்பைச் சொல்வது காந்தத் துகள் சோதனை. லாரி, கப்பல் எஞ்சின் கிராங்குகளை எடுத்துச் செய்யும் பெரிய பட்டறைகளில் இந்த வசதி இருக்கும். கிராங்க் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சின்னது.

ஹெரால்டுக்கே உரிய ஒரு நோயையும் சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படுகிறது, அந்த விசையை வாங்குவது இந்த மெல்லிய வாஷர். கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் அது தேய்ந்து, ஒருநாள் இடம்விட்டுக் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழும். அதற்குப் பிறகு கிராங்கின் பக்கச் சுவர் நேராக பிளாக்கின் (எஞ்சினின் உடல்) இரும்பில் உரசத் தொடங்கும். கிராங்க் மட்டுமல்ல, பிளாக்கும் கெடும். இதனால் ஓரமாய்ப் போன பிளாக்குகள் நிறைய. உங்கள் எஞ்சினில் பின்பக்க மெயினின் இரு பக்கமும் வாஷர் உட்காரும் முகத்தைத் தடவிப் பாருங்கள். மழமழவென்று இருந்தால் சந்தோஷம். படி விழுந்திருந்தால், புதுக் கிராங்க் வாங்கிப் போட்டாலும் அதே கதை திரும்ப நடக்கும். பிளாக்கை முதலில் சரிசெய்ய வேண்டும். கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் 5 தவ் தடிமன் கூடிய வாஷர் கிடைக்கிறது, அதைப் போட்டு இடைவெளியைப் பிடிக்கலாம்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, கிராங்க் நிஜமாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தேடுவது? இந்த எஞ்சினின் குடும்பம் தெரிந்தால் தேடும் எல்லை விரியும். கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1953-இல் ஸ்டாண்டர்டு 8 காருக்காக 803 சிசியில் செய்த எஞ்சின் இது. அதையே 948 ஆக்கி ஸ்டாண்டர்டு 10, பெனன்ட், ஆரம்பகால டிரையம்ப் ஹெரால்டு, அட்லஸ் வேன் ஆகியவற்றில் போட்டார்கள். நம் ஊரில் ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டின் எல்லா மார்க்குகள், கம்பானியன் எஸ்டேட், கெசல் எல்லாம் 948 தான். ஆகவே கடைக்காரரிடம் ஹெரால்டு என்று மட்டும் சொல்லாமல் இந்தப் பெயர்கள் அத்தனையையும் சொல்லுங்கள். மூலையில் கிடக்கும் கெசல் எஞ்சின் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வரும்.

இங்கிலாந்தில் இதே எஞ்சின் மேலும் வளர்ந்தது. ஹெரால்டு 1200 மற்றும் முதல் இரண்டு ஸ்பிட்ஃபயர்களில் 1147 சிசி, ஹெரால்டு 13/60 மற்றும் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-இல் 1296 சிசி. இவை எல்லாவற்றிலும் ஸ்ட்ரோக் அதே 76 மில்லிமீட்டர். சிசி கூடியது போரைப் பெரிதாக்கியதால் மட்டும்தான். மெயின் ஜர்னலும் அதே 2 அங்குலம், கிராங்க் பின்னும் அதே 1.625 அங்குலம். 1970-க்குப் பிறகு வந்த 1296-இல் மட்டும் கிராங்கைத் தடிமனாக்கி, மெயினை ஏறக்குறைய 2.31, கிராங்க் பின்னை 1.875 அங்குலம் ஆக்கினார்கள். அந்தப் பெரிய கிராங்க் உங்கள் பிளாக்குக்குள் போகாது. ஸ்பிட்ஃபயர் கிராங்க் என்று யாராவது விற்க வந்தால் முதல் கேள்வி மெயின் அளவு என்ன என்பதாக இருக்கட்டும்.

அதற்காக 1147 கிராங்கை ஸ்ட்ரோக் ஒன்று என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். பழைய கிராங்கையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஜர்னல்களின் அகலம், ஒன்றுக்கொன்று உள்ள தூரம், முன்மூக்கில் சாவிப் பள்ளத்தின் இடம், பின்பக்கம் பிளைவீல் போல்ட் துளைகள், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உட்காரும் புஷ்ஷின் துளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பின் முனையின் எண்ணெய்த் தடுப்பு முக்கியம். பழைய வகையில் கிராங்கிலேயே சுருள் பள்ளம் வெட்டி எண்ணெயை உள்ளே திருப்பிவிடுவார்கள், பிந்தைய வகையில் ரப்பர் சீல். இரண்டையும் கலந்தால் வண்டி நிற்கும் இடமெல்லாம் எண்ணெய்க் குட்டைதான். என் பரிந்துரை, 948-க்கு 948 கிராங்கையே தேடுங்கள். மற்றவை இரண்டாம் பட்சம்.

சென்னையில் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை எல்லோருக்கும் தெரியும். அங்கே நேராகப் போய்க் கேட்பதைவிட, பழைய வண்டி வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரோடு போவது நல்லது. வெளியூரில் பெங்களூர் சிவாஜி நகர், மும்பை குர்லா, டெல்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார் எல்லாம் பழைய பாகங்கள் குவியும் இடங்கள். ஆனால் ஹெரால்டு தென்னிந்தியாவில் பிறந்த வண்டி, தேட வேண்டிய மண்ணும் இதுவே. சந்தையைவிட எனக்கு நம்பிக்கையான வழி, வண்டி வைத்திருப்பவர்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரியான சங்கத்தின் கண்காட்சிக்குப் போய், ஹெரால்டு கொண்டுவந்தவர்களிடம் பேசுங்கள். ஒரு வண்டியை ஓடவைப்பதற்காக இன்னொரு வண்டியை வாங்கிப் பிரித்து வைத்திருப்பவர் அவர்களில் கட்டாயம் இருப்பார். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிய கிராங்க் ஒன்று இருக்கும். பணத்தைவிட, அது ஓடும் வண்டிக்குள் போகிறது என்ற நம்பிக்கைக்காகத்தான் அவர் கொடுப்பார்.

தனிக் கிராங்கைவிட முழு எஞ்சின் கிடைத்தால் அதையே எடுங்கள். தனியாகக் கிடக்கும் கிராங்க் ஏன் தனியாகக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சினுக்குள் எண்ணெயோடு மூடிக் கிடந்த கிராங்கில் துரு குறைவாக இருக்கும். ராடு, மெயின் கேப் (மெயின் பேரிங்கை மூடிப் பிடிக்கும் மூடி), பிளைவீல் எல்லாம் கூடவே வரும். கைப்பிடியால் சுற்றினால் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த எஞ்சினை அப்படியே உங்கள் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, ஆர்.சி.யிலும் அதே நம்பர். கிராங்கை மட்டும் எடுத்து உங்கள் பிளாக்கில் போட்டால் காகிதத்தில் எதுவும் மாறாது. பிளாக்கையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். அதோடு, 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் வந்த மத்திய விதி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியைத்தான் ஏற்கிறது. உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விற்பவர் "ஸ்டாண்டர்டு சைஸ்" என்றால், அது கார் கம்பெனியின் பெயரா, கிரைண்டிங் படாத அளவா என்பதிலேயே குழப்பம் வரும். பேச்சை விட்டுவிட்டு மைக்ரோமீட்டரைக் கொண்டுபோங்கள். தூரத்திலிருந்து வாங்குவதானால், மைக்ரோமீட்டரின் எண் தெரியும்படி ஏழு ஜர்னலுக்கும் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது மூன்றாவது வழி. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளுக்கென்றே டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் அங்கே இருக்கிறது, ஸ்டாண்டர்டு 8, 10 வண்டிகளுக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் கிளப். உறுப்பினர்கள் உதவுவார்கள். பேரிங், த்ரஸ்ட் வாஷர், சீல் இவற்றைப் புதிதாக வாங்கி வரவழைப்பதில் சிக்கல் இல்லை, நானும் அதைத்தான் சொல்வேன். கிராங்க் வேறு விஷயம். பயன்படுத்திய பாகங்களை இறக்குமதி செய்ய நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு, அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் பேசிவிடுங்கள். கிராங்க் கனமான பொருள் என்பதால் அனுப்பும் செலவும் சேரும்.

கிராங்கை வெல்டிங்கில் ஏற்றிக் கட்டித் தரும் பட்டறைகள் உண்டு. ஒரே ஒரு கிராங்க் பின் மட்டும் ஆழமாகக் கீறி, மற்ற ஆறும் நன்றாக இருந்தால் இது நியாயமான வழி. ஆனால் வெல்டிங் சூட்டில் கிராங்க் வளையும், உள்ளே அழுத்தம் தங்கும். சூடேற்றி அழுத்தத்தை இறக்கி, நிமிர்த்தி, கிரைண்ட் செய்து, மறுபடி விரிசல் சோதனை செய்து கொடுப்பார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், ஓடும்" என்று பதில் வந்தால் கிராங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

புதிதாகவே செய்வதும் முடியாத காரியமில்லை. ராஜ்கோட்டில் டீசல் எஞ்சின் கிராங்குகள் செய்வதே ஒரு தொழில், கோயம்புத்தூரில் இவ்வளவு நுணுக்கமாகக் கடைந்து கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. இ.என்.24 மாதிரியான உருக்குக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கலாம். ஒன்று மட்டும் செய்தால் விலை வண்டியின் விலையை நெருங்கும். ஹெரால்டு வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஒரு தொகுதியாகச் செய்தால் தாங்கும், இதை யாராவது முன்னின்று நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாதிரிக்குக் கொடுக்கும் கிராங்க் தேயாததாக இருக்க வேண்டும். ஃபில்லட் வளைவு, எண்ணெய்த் துளைகளின் கோணம், பின்முனையின் சுருள் பள்ளம் மூன்றையும் வரைபடத்தில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நகல் எடுப்பவர்கள் கோட்டைவிடுவது இந்த மூன்றில்தான்.

கிராங்க் கைக்கு வந்ததும் எண்ணெய் தடவி, பிளைவீல் முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். தரையில் படுக்கப்போட்டு மாதக்கணக்கில் விட வேண்டாம். இரண்டு முனை மெயின்களையும் வி பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) வைத்துச் சுற்றி, நடு மெயினில் டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்தால் வளைவு தெரியும். கிரைண்டிங் முடிந்து வந்தால் எண்ணெய்த் துளைகளுக்குள் பிரஷ் விட்டு, கெரசின் பாய்ச்சி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கல் தூள் உள்ளே தங்கினால் புதுப் பேரிங் ஆரம்பத்திலேயே கீறிவிடும். மெயின் கேப்களை இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று கடைந்தது. முறுக்கி முடித்ததும் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பாருங்கள். 4 முதல் 8 தவ் வரை ஆட வேண்டும். அதற்கு மேல் போனால் தடித்த வாஷர், குறைந்தால் வாஷரின் முதுகைத் தேய்க்க வேண்டும். செம்பு நிறப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும். இதைத் தலைகீழாகப் போட்டுக் கெடுத்த எஞ்சின்கள் உண்டு.

ஹெரால்டின் டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்துக்கு விளக்கு மட்டும்தான். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு கேஜ் மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜின் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஓடவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடானதும் 2000 ஆர்.பி.எம்.மில் 40 முதல் 60 பவுண்டு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் கேஜைக் கழற்றி விளக்கின் ஒயரை மாட்டிவிடலாம்.